வலிக்க வலிக்க அழுத்தினால்தான் குணமாகுமா?

வாசகர் கேள்வி, மார்ச் 2

தோள்பட்டைப் பிடிப்புக்காக மசாஜ் செய்துகொண்டேன். ஒரு மணி நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் தோள் முழுக்கக் கன்றிப்போயிருந்தது. கேட்டதற்கு, "உள்ளே இருக்கும் முடிச்சு உடைகிறது, நச்சு வெளியேறுகிறது, அப்படித்தான் இருக்கும்" என்றார் சிகிச்சையாளர். அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்கிறார். வலி இல்லாமல் பலன் கிடைக்காது என்பது உண்மையா?

மார்ச் 2, இரவு

கன்றியது முழுக்க ஆறும்வரை அந்தத் தோளில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். தோலுக்கடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்து ரத்தம் கசிந்திருக்கிறது. கன்றலுக்கு அதுதான் பொருள். நச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உடலின் கழிவைப் பிரித்து வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். தோளை நசுக்குவதால் அவற்றின் வேலை ஒரு துளியும் கூடுவதில்லை.

மருத்துவமனையில் பிஸியோதெரபிஸ்டாக இருந்துவிட்டு இப்போது தனியாகச் சிகிச்சை அளித்துவருகிறேன். "தாங்கிக்கொள்ளுங்கள், அப்போதுதான் சரியாகும்" என்ற பேச்சைக் கேட்டு நொந்துபோய் என்னிடம் வருகிறவர்கள் ஏராளம். ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் கேள்வியைப் படித்தபோதும் வந்தது.

ஒன்றை மட்டும் தெரிவியுங்கள். வார்ஃபரின், ஆஸ்பிரின் போல ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எதையாவது சாப்பிடுகிறீர்களா? ஸ்டீராய்டு? லேசாக இடித்துக்கொண்டாலே கன்றும் உடம்பா? ஆம் என்றால் மசாஜ் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். உங்களைப் படுக்க வைக்கும் முன்பே அந்தச் சிகிச்சையாளர் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 3

அந்த "முடிச்சு" பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நேற்று அவசரத்தில் விட்டுவிட்டேன்.

தோளைத் தடவும்போது இறுகிய, தொட்டால் வலிக்கும் ஓர் இடம் தட்டுப்படுவது உண்மைதான். அங்கே அழுத்தினால் வலி தலைக்கோ கைக்கோ பரவுவதும் உண்மை. ஜான் கென்னடிக்கு வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஜேனட் டிராவெல் இந்த வலிப் புள்ளிகளை உடல் முழுவதும் வரைபடமாக்கினார். டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய கையேட்டின் முதல் தொகுதி 1983-ல் வெளிவந்தது. நான் படித்த காலத்தில் அந்தப் படங்களை மனப்பாடமாக வைத்திருந்தோம். ஆனால் அந்தப் புள்ளிக்குள் என்னதான் நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை ஓயவில்லை. ஒரே நோயாளியைப் பல நிபுணர்கள் தொட்டுப் பார்த்தால், புள்ளி எங்கே இருக்கிறது என்பதிலேயே ஒத்துப்போக மாட்டார்கள். இந்த நிலையில், "உடைத்துவிட்டேன்" என்று ஒருவர் உறுதியாகச் சொல்ல என்ன ஆதாரம் இருக்கிறது?

தசையை உறைபோல் மூடியிருக்கும் சவ்வைக் கையால் நீட்டி இளக்குகிறோம் என்றும் சொல்வார்கள். 2008-ல் இதைக் கணிதத்தால் கணக்கிட்டுப் பார்த்தார்கள். தொடைச் சவ்வும் பாதத்தின் அடிச் சவ்வும் ஒரு சதவீதம் அமுங்குவதற்கே, ஒரு சதவீதம் நகர்வதற்கே, மனிதக் கையால் தர முடியாத விசை வேண்டியிருக்கும் என்று விடை வந்தது.

பிறகு எப்படித்தான் தோள் இளகுகிறது? இளகத்தான் செய்கிறது, என் கையில் தினமும் உணர்கிறேன். மாற்றத்தின் பெரும்பகுதி நரம்பு மண்டலத்தில் நடக்கிறது. வலி மூளையை எட்டும் வழியில், தண்டுவடத்திலேயே ஒரு வாயில் இருப்பதாகவும், தொடுதலும் அழுத்தமும் அந்த வாயிலைச் சாத்த உதவுவதாகவும் வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-ல் எழுதினார்கள். விவரங்கள் பிற்பாடு திருத்தப்பட்டாலும் மையக் கருத்து நிற்கிறது. முட்டி இடித்தால் உடனே கை போய்த் தேய்ப்பது அதனால்தான். இதைத் தவிர, மயிர் முளைக்கும் தோலில் மெதுவான வருடலுக்கென்றே தனி நரம்பிழைகள் உண்டு. விநாடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போது அவை அதிகமாகத் தூண்டப்படுகின்றன. ஆட்களுக்கு இதமாகத் தோன்றுவதும் அதே வேகம்தான். பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற செய்தி போனால் தசை தானே இறுக்கத்தைத் தளர்த்துகிறது.

பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவரின் நரம்புகளுக்கு நேர் எதிரான செய்தி போகிறது. தாக்குதல் நடக்கிறது, இறுகிக்கொள் என்ற செய்தி.

மார்ச் 3, மாலை

"லாக்டிக் அமிலத்தை வெளியேற்றத்தானே அழுத்துகிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடும் உடற்பயிற்சிக்குப் பிறகுகூட லாக்டிக் அமிலம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் உச்சத்துக்குப் போகும் தசை நோவுக்கு அது காரணமாக இருக்க வழியே இல்லை. 2010-ல் முன்கைத் தசையில் அளந்து பார்த்த ஆய்வில், மசாஜ் செய்யும்போது ரத்த ஓட்டம் தடைபட்டு லாக்டிக் அமிலம் வெளியேறுவது குறைந்தே போனது.

மார்ச் 5

கேள்வி கேட்டவர் பதில் தந்திருக்கிறார்: மாத்திரை எதுவும் இல்லை, கன்றல் மஞ்சளாக மாறிவருகிறது. நல்லது, ஆறுகிறது. எவ்வளவு அழுத்தம் சரி, எப்போது நிறுத்தச் சொல்லவேண்டும் என்று கேட்கிறார்.

வழக்கமாகச் சொல்வது பத்துப் புள்ளிக் கணக்கு. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத வலி. ஐந்து, ஆறைத் தாண்டவே கூடாது. "வலிக்கிறது, ஆனால் இதமாகவும் இருக்கிறது" என்னும் அளவோடு நிற்கவேண்டும். நானும் இதையே சொல்லித்தருகிறேன்.

மார்ச் 5, சற்றுப் பின்

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணை மட்டும் நம்பினால் போதாது. பலர் மரியாதைக்காகப் பொய் சொல்வார்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், வலி உயிர் போனாலும் "பரவாயில்லை" என்பார்கள். சிகிச்சையாளர் வருத்தப்படுவாரோ, தன்னைக் கோழை என்று நினைப்பாரோ என்ற தயக்கம். இன்னும் சிலர் வலித்தால்தான் கொடுத்த காசுக்கு வேலை நடக்கிறது என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள்.

அதனால் நான் வாயைவிட உடம்பைத்தான் கவனிக்கிறேன். மூச்சு நின்று நின்று வருகிறதா? குப்புறப் படுத்திருப்பவரின் கால்விரல்கள் மடங்குகின்றனவா? விரிந்து கிடந்த உள்ளங்கை மூடிக்கொண்டதா? தோள் காதை நோக்கி ஏறுகிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலே அழுத்தத்தைக் குறைத்துவிடுவேன். குறைத்த மறுகணம் நீண்ட மூச்சு ஒன்று வெளியேறும். அதுவரை கல்லாக நின்ற தசை அப்போது கைக்கு இடம் கொடுக்கும். இத்தனை ஆண்டுகளாகப் பார்த்தும் அந்த நொடி எனக்குச் சலிக்கவில்லை.

எண்ணைக் கேட்பதைவிடக் கேள்வியை மாற்றிக் கேட்பதும் உதவுகிறது. "இந்த அழுத்தத்தைக் கூட்டவா, குறைக்கவா, இப்படியே இருக்கட்டுமா?" என்றால், மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் படுத்திருப்பவருக்குக் கிடைக்கிறது.

மார்ச் 6

பிஸியோதெரபிஸ்ட் ஒருவர் மறுத்து எழுதியிருக்கிறார்: ஜேம்ஸ் சிரியாக்ஸ் வகுத்த குறுக்குத் தேய்ப்பு முறை வலிக்கத்தானே செய்யும், அதையும் தவறு என்கிறீர்களா?

நியாயமான கேள்வி. ஆங்கிலேய எலும்பியல் மருத்துவரான சிரியாக்ஸ் சொன்னது, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் இழைகளுக்குக் குறுக்காக, விரல்நுனி அளவே உள்ள இடத்தில், தோலும் விரலும் சேர்ந்து நகரும்படி தேய்ப்பது. முதல் ஓரிரு நிமிடம் வலிக்கும், பிறகு அந்த இடம் மரத்துவிடும். மரக்காமல் வலி ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட வேண்டும். அந்த முறையைக் கற்றுத்தருகிறவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு தசைநாணில் சில நிமிடங்கள் செய்வதும், ஒருவரின் முதுகு முழுவதையும் ஒரு மணி நேரம் முழங்கையால் உழுவதும் ஒன்றாகிவிடாது. சிரியாக்ஸ் முறைக்கே ஆதாரம் வலுவாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். முழங்கை, முழங்கால் தசைநாண் அழற்சிக்கு அது உதவுகிறதா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2014-ல் பார்த்தபோது, முடிவு சொல்லும் அளவுக்கு ஆய்வுகளே தேறவில்லை.

நான் அதை இப்போது அரிதாகத்தான் பயன்படுத்துகிறேன். படிப்படியாகச் சுமையைக் கூட்டும் பயிற்சி தசைநாணுக்கு அதைவிட நன்றாக வேலை செய்வதைப் பார்த்துவிட்டேன்.

அடிப்படை முறைகளின் பெயர்களையும் கேட்டிருக்கிறார்கள். நீள நீவுவது, பிசைவது, தேய்ப்பது, தட்டுவது என்று நான்கு. இவற்றுக்குப் பிரெஞ்சுப் பெயரிட்டு ஒழுங்குபடுத்தியவர் யோகான் மெட்ஸ்கர் என்ற டச்சு மருத்துவர். ஸ்டாக்ஹோமில் 1813-ல் உடற்பயிற்சிக் கழகம் தொடங்கிய பெர் ஹென்ரிக் லிங்கின் பேரில்தான் "சுவீடிஷ் மசாஜ்" பிரபலமாயிற்று. பிசைவதிலும் தட்டுவதிலும் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. நல்ல நீவலை எவ்வளவு மெதுவாகச் செய்ய முடியும் என்பதில்தான் கை தேறியவரைக் கண்டுபிடிப்பேன்.

மார்ச் 8

இது நீளமான குறிப்பு. இந்த இழையில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருப்பவர்கள் இதைப் படியுங்கள்.

நடுவயதுக்காரர் ஒருவர் "கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு, நன்றாக அழுத்தி எடுத்துவிடுங்கள்" என்று வந்தார். நீண்ட விமானப் பயணத்திலிருந்து திரும்பிச் சில நாட்கள் ஆகியிருந்தன. இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். வலிக்கும் கால் மற்றதைவிடப் பருத்திருந்தது. புறங்கையால் தொட்டால் சூடு வித்தியாசமாகத் தெரிந்தது. லேசான சிவப்பும் இருந்தது. அவரை மேசையில் படுக்க வைக்கவே இல்லை. இன்றே மருத்துவமனைக்குப் போங்கள், ரத்தக் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் செய்துபார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அவருக்குக் கோபம். இவ்வளவு தூரம் வந்தது வீணா, ஐந்து நிமிடம் நீவிவிட்டால் என்ன என்றார். அவர் மனைவியிடமும் பேசி அனுப்பிவைத்தேன். ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்திருந்தது உறுதியானது.

காலின் ஆழ்நாளத்தில் உறைந்த கட்டியை அழுத்தினால் அது பெயர்ந்து, ரத்த ஓட்டத்தோடு இதயம் வழியே நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். அது உயிரைப் பறிக்கும். மசாஜுக்குப் பிறகு இப்படி நேர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

எல்லாக் கெண்டைக்கால் வலியும் ரத்தக் கட்டி அல்ல. பெரும்பாலானவை சாதாரணப் பிடிப்புதான். ஆனால் சந்தேகப்பட வேண்டிய சூழல்கள் உண்டு. ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் வலியும் இருந்தால். அண்மையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால், எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தால், நாள்கணக்கில் படுக்கையில் கிடந்திருந்தால், நீண்ட பயணம் போயிருந்தால். கர்ப்பமாக இருந்தாலோ, பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தாலோ. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, புற்றுநோய், முன்பே ஒருமுறை ரத்தக் கட்டி வந்த வரலாறு. வீட்டில் ஒருவருக்கொருவர் கால் பிடித்துவிடுகிறவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறலோ, மூச்சை இழுத்தால் நெஞ்சு வலியோ சேர்ந்துகொண்டால் நேராக அவசரப் பிரிவு.

மார்ச் 9

நேற்றைய குறிப்புக்குப் பிறகு "வேறு எப்போதெல்லாம் கைவைக்கக் கூடாது?" என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். முழுப் பட்டியல் தர இது இடமில்லை. நான் நடைமுறையில் அடிக்கடி எதிர்கொள்வதை எழுதுகிறேன்.

காய்ச்சல் என்றால் அன்று மசாஜ் கிடையாது. தோல் தொற்று, புண், தீக்காயம் இருந்தால் அந்த இடத்தைத் தொடுவதில்லை. அடிபட்டுத் தொடை வீங்கி ரத்தம் கட்டியிருந்தால் முதல் சில நாட்களுக்கு அழுத்தவே கூடாது. ஆழமாக அடிபட்ட தசையைத் தொடக்கத்திலேயே பிசைந்தால், ரத்தக் கசிவு கூடுவதோடு தசைக்குள்ளேயே எலும்பு உருவாகும் அபாயமும் உண்டு. விளையாட்டு வீரர்கள் இதில் அவசரப்படுகிறார்கள், அவர்களின் பயிற்சியாளர்கள் இன்னும் அவசரப்படுகிறார்கள்.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவரிடம் "வலிக்கிறதா?" என்று கேட்பதில் பொருளில்லை, அவருக்குத் தெரியாது. அங்கே என் கண்தான் அவருக்கு உணர்ச்சி. இன்சுலின் போட்ட இடத்தை உடனே தேய்க்கவும் கூடாது. மருந்து வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரை சட்டென இறங்கலாம்.

எலும்பு மெலிந்த முதியவரின் விலாவிலும் முதுகெலும்பிலும் ஆழமான அழுத்தம் கொடுக்கக் கூடாது. பல ஆண்டுகள் ஸ்டீராய்டு எடுத்தவரின் தோல் மெல்லிய தாளைப் போல் கிழியும்.

உடலில் சில இடங்கள் யாருக்குமே ஆழமாக அழுத்தத் தகுந்தவை அல்ல: கழுத்தின் முன்புறமும் பக்கமும், அக்குள், முழங்கை மடிப்பு, தொடையிடுக்கு, முழங்காலின் பின்குழி. பெரிய ரத்தக்குழாய்களும் நரம்புகளும் அங்கே தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. கழுத்துத் தமனியில் அழுத்தம் விழுந்தால் இதயத் துடிப்பு குறைந்து மயக்கம்கூட வரலாம்.

மார்ச் 9, இரவு

இரண்டை விட்டுவிட்டேன், இரண்டும் முக்கியம்.

கீழ்முதுகு வலியோடு சிறுநீர் கழிப்பதில் திடீர்ச் சிரமம், மலம் கட்டுப்படாமல் போவது, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது, இரு கால்களும் பலமிழப்பது, இவற்றில் எது வந்தாலும் மசாஜ் மேசைக்கு வராதீர்கள். தண்டுவடத்தின் கீழ்முனையில் உள்ள நரம்புக்கற்றை நசுங்கியிருக்கலாம். சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பில் முடியலாம்.

இதுவரை அறியாத விதத்தில் திடீரெனக் கழுத்து வலி அல்லது தலைவலி வந்து, அதோடு பார்வை இரட்டிப்பது, பேச்சு குழறுவது, ஒரு கண் இமை தொங்குவது, நடை தள்ளாடுவது என்று ஏதாவது சேர்ந்தால் கழுத்துத் தமனியின் உள்சுவர் கிழிந்திருக்கலாம். அந்தக் கழுத்தை யாரும் திருகக் கூடாது, சொடுக்கு எடுக்கவும் கூடாது.

சிகிச்சைக்கு முன் இந்தக் கேள்விகளைக் கேட்க எனக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கிறது. சிலர் பொறுமையிழந்து கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

மார்ச் 12

"அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோதெரபி நடக்கிறது. கை கால் பிடித்துவிடச் சொல்கிறார். மசாஜ் செய்தால் புற்றுநோய் பரவும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்ய?"

இந்தக் கேள்வியை எழுதியவருக்கு: உங்கள் அம்மாவை மென்மையாகத் தொடுவதால் புற்றுநோய் பரவாது. இந்தப் பயம் பல நோயாளிகளை மாதக்கணக்கில் யாரும் தொடாதவர்களாக ஆக்கிவிடுகிறது. ஊசி போடவும் ரத்தம் எடுக்கவும் மட்டுமே கைகள் நெருங்கும் ஓர் உடம்பு எப்படி வாடிப்போகிறது என்பதை மருத்துவமனை வார்டில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மென்மை என்றால் மென்மை. எண்ணெயோ வாசமில்லாத கிரீமோ தோலில் பரவும் அளவு அழுத்தம் போதும். கட்டி இருக்கும் இடம், அறுவைத் தழும்பு, கதிர்வீச்சு பட்ட தோல், மருந்து ஏற்றும் குழாய் பொருத்திய இடம், இவற்றைத் தொடாதீர்கள். கீமோதெரபியால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் சாதாரணப் பிடிப்புகூடக் கன்றிவிடும். எலும்புக்குப் பரவியிருந்தால் அந்த எலும்பு எளிதில் முறியும். புற்றுநோயாளிகளுக்குக் காலில் ரத்தக் கட்டி வரும் வாய்ப்பும் அதிகம். அதனால் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டி, அவருடைய மருத்துவரிடம் "இந்த அளவுக்குத் தொடலாமா?" என்று கேட்டுவிடுங்கள். அனுமதி கிடைத்தால் பாதத்திலிருந்து தொடங்குங்கள்.

அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கையை அழுத்தவே வேண்டாம். கை வீங்கினால் அதற்கென்று நிணநீர் வடிப்பு முறை இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வாடரும் எஸ்ட்ரிட் வாடரும் உருவாக்கி, 1936-ல் பாரிஸில் அறிமுகப்படுத்தியது. தோலை மட்டும் நகர்த்தும் அளவுக்கு மெல்லிய அழுத்தம். தொடக்க நிணநாளங்கள் தோலில்தான் இருக்கின்றன. முறையாகப் பயின்றவர்தான் செய்யவேண்டும். இதயச் செயலிழப்பு கட்டுக்குள் இல்லாதவருக்கும் அந்தக் கையில் தொற்று இருப்பவருக்கும் கூடாது.

மார்ச் 13

அம்மாவின் பாதத்தை நீவிவிட்டதாகவும் அவர் அப்படியே உறங்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி.

மார்ச் 17

"இது கூடாது, அது பொய் என்றே எழுதுகிறீர்கள். மசாஜால் பலன் உண்டா இல்லையா?" உண்டு. இல்லாவிட்டால் இந்தத் தொழிலில் ஏன் இருக்கப்போகிறேன்?

நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 401 பேரை வைத்து 2011-ல் வெளிவந்த ஆய்வு எனக்குப் பிடித்தமானது. ஒரு குழுவுக்கு உடம்பைத் தளர்த்தும் மென்மையான மசாஜ், இன்னொரு குழுவுக்குத் தசையையும் சவ்வையும் குறிவைக்கும் மசாஜ், மூன்றாம் குழுவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். வாரம் ஒருமுறை, பத்து வாரம். மசாஜ் பெற்ற இரண்டு குழுக்களும் மூன்றாவதைவிடத் தெளிவாகத் தேறின. அந்த இரண்டு குழுக்களுக்கிடையே சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை! மென்மையான முறையும் அதே அளவு உதவியது.

முழங்கால் தேய்மானத்தில் 30 நிமிடத்தைவிட 60 நிமிட மசாஜ் நன்றாக உதவியது என்று 2012-ல் 125 பேரிடம் கண்டார்கள். கழுத்து வலிக்கு 2014-ல் 228 பேரிடம் பார்த்தபோது, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 60 நிமிடம் பெற்றவர்கள் நன்றாகத் தேறினார்கள். 30 நிமிடம் பெற்றவர்களுக்குக் கணிசமான பலன் தெரியவில்லை. நேரத்தையும் வாரத்துக்கு எத்தனை முறை என்பதையும் கூட்டியபோது பலன் கூடியிருக்கிறது. அழுத்தத்தை அங்கே யாரும் கூட்டவில்லை.

குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும். டிஃப்பனி ஃபீல்டும் குழுவினரும் 1986-ல் வெளியிட்டது. ஒரு நாளைக்கு மூன்று முறை, முறைக்கு 15 நிமிடம், 10 நாட்கள். வருடியும் கை கால்களை மெல்ல மடக்கி நீட்டியும் தூண்டப்பட்ட குழந்தைகளின் எடை, மற்றக் குழந்தைகளைவிட 47 சதவீதம் கூடுதலாக ஏறியது. இரு சாராரும் குடித்த பாலின் அளவில் வேறுபாடில்லை. மிக இலேசான தொடுதலும் அங்கே சரிப்படவில்லை, மிதமான அழுத்தம் வேண்டியிருந்தது என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே நான் அழுத்தத்துக்கு எதிரி இல்லை.

மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் குறைகிறது என்று விளம்பரங்களில் வருவதை நம்பவேண்டாம். 2011-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்த விளைவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் பதற்றமும் மனச்சோர்வும் குறைவது பல ஆய்வுகளில் தெரிகிறது. எப்படி என்பது இன்னும் விளங்கவில்லை. விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லிவிட்டே நோயாளியிடம் வேலை செய்யலாம். அவர்கள் அதை மதிக்கிறார்கள்.

மார்ச் 21

தசையை வேகமாகத் தட்டி அதிரவைக்கும் கருவியான மசாஜ் துப்பாக்கி பற்றி: தொடை, பின்தொடை, கெண்டைக்கால் போன்ற தடித்த தசைகளில், குறைந்த வேகத்தில், ஓர் இடத்தில் ஓரிரு நிமிடம் போதும். கழுத்தில் வேண்டாம். எலும்பின் மேலும் வேண்டாம். அதைப் பயன்படுத்திய இளம்பெண் ஒருவருக்குத் தசை சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்ததாக 2020-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியாயிற்று. கடுமையாக அழுத்திய பிறகு தசை மிக வலித்துச் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். சிறுநீரகத்தைக் காப்பாற்றும் விஷயம் அது.

மார்ச் 24

பெண் வாசகர் ஒருவர் தனிமடலில் கேட்டதை, அவர் அனுமதியோடு பொதுவாக எழுதுகிறேன். சிகிச்சையின்போது எங்கே தொடப்போகிறார் என்று சொல்லாமலே சிகிச்சையாளர் துணியை விலக்கினாராம். அது சிகிச்சையின் பகுதியா, தான் வீணாகச் சந்தேகப்படுகிறோமா என்று குழம்பியிருக்கிறார்.

சகோதரி, நீங்கள் வீணாகச் சந்தேகப்படவில்லை. எந்த இடத்தில், எதற்காகத் தொடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கவேண்டும். வேலை நடக்கும் பகுதியை மட்டும் திறந்து, முடிந்ததும் மூடிவிட வேண்டும். ஆடையைத் தளர்த்தும்போது சிகிச்சையாளர் அறையைவிட்டு வெளியே போகவேண்டும். எவ்வளவு தளர்த்துவது என்பது படுப்பவரின் முடிவு. இடுப்பு, தொடையின் உட்புறம், மார்புத் தசை போன்ற இடங்களில் அவசியம் இருந்தால் தனியாகக் கேட்டு, வேண்டாம் என்றால் மறுபேச்சின்றி விடவேண்டும். முதலில் கொடுத்த சம்மதத்தை நடுவில் திரும்பப் பெறலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. "நிறுத்துங்கள்" என்ற ஒரு சொல் போதும். வேண்டுமானால் உங்களோடு ஒருவரை அறையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மறுப்பவரிடம் போகாதீர்கள். நடந்ததைப் பதிவுசெய்து, அவருக்கு உரிமம் வழங்கிய அமைப்பிடம் புகார் கொடுங்கள். துணை வேண்டுமென்றால் எழுதுங்கள், உடனிருக்கிறேன்.

மார்ச் 25

கர்ப்ப காலம் பற்றி மூவர் கேட்டுவிட்டார்கள். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில், மகப்பேறு மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு, மிதமான மசாஜ் பெறலாம். இருபது வாரத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுக்க வைக்கக் கூடாது, இதயத்துக்கு ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் பெருஞ்சிரையைக் கருப்பை அழுத்தும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவிலும் வயிற்றுக்கு அடியிலும் தலையணை வைத்துக்கொண்டால் வசதி. கால்களில் ஆழமான அழுத்தம் வேண்டாம். காரணம் மார்ச் 8 குறிப்பில் இருக்கிறது. திடீரென முகமும் கையும் வீங்கி, தலைவலியும் கண்மங்கலும் சேர்ந்தால் மசாஜ் கேட்க வேண்டிய நேரமில்லை அது, ரத்த அழுத்தத்தை உடனே பார்க்கவேண்டும்.

ஏப்ரல் 2

பயிற்சி மாணவி ஒருவர்: "மசாஜ் கற்கத் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. கட்டைவிரல் அடியில் வலி. காலையில் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. தொழிலை விடவேண்டியிருக்குமா?"

விடவேண்டாம் தங்கையே, ஆனால் இந்த வாரமே மாறவேண்டும். கட்டைவிரல் அடிமூட்டு இந்த வேலைக்காக ஏற்பட்டதல்ல. என்னோடு படித்தவர்களில் திறமைசாலிகள் சிலர் அந்த மூட்டை இழந்துதான் வெளியேறினார்கள். "அழுத்திப் பிடி" என்று ஆசிரியர்கள் விடாமல் சொன்ன காலம் அது.

மேசையின் உயரத்தைக் குறையுங்கள். மேசைப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மடக்கிய விரல்களின் கணு மேசையைத் தொடும் உயரம் தொடங்குவதற்குச் சரியானது. ஒரு காலை முன்வைத்து, முழங்காலைத் தளர்த்தி, உடம்பின் எடையைச் சாயவிட்டு அழுத்தம் கொடுங்கள், தோள்பலத்தால் தள்ளாதீர்கள். முதுகுக்கும் தொடைக்கும் முன்கையைப் பயன்படுத்துங்கள். கட்டைவிரலைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் அதை நேராக வைத்து, மற்ற விரல்களை மடக்கி அதற்கு முட்டுக்கொடுங்கள். பின்பக்கமாக வளைய விடாதீர்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே கைக்கு ஓய்வு கொடுங்கள்.

மூடியைத் திறக்க முடியாத நிலை என்றால் கை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சில வாரங்கள் பட்டை கட்டி ஓய்வு கொடுக்கச் சொல்லலாம். அந்த வாரங்களில் நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் அதைச் சரியாகச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். என் கேள்விப் படிவத்தை அனுப்புகிறேன், முகவரியைத் தனிமடலில் தாருங்கள்.